அரசுகளுக்கு முன்னே போனவர்கள்: பசிபிக் கரைகளில் வணிகரும் அறிஞரும்

பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் பொருளாதார விவகாரங்களைக் கூடிப் பேச அமைச்சர்கள் அளவில் ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது 1989-ல்தான். ஐரோப்பாவில் ஆறு அரசுகள் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பொதுச் சந்தை அமைக்க 1951-லேயே பாரிஸில் கையெழுத்திட்டுவிட்டன. இந்த ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளிக்குக் காரணங்கள் பல. ஜப்பானிய ஆக்கிரமிப்பின் நினைவு கொரியாவிலும் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஆறவில்லை. சீனாவை ஆளும் உரிமை பெய்ஜிங்குக்கா தைப்பேக்கா என்பதில் அரசுகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. அமெரிக்கா தன் கூட்டாளிகளோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டதே தவிர, எல்லோரையும் ஒரு கூரையின்கீழ் கொண்டுவர அக்கறை காட்டவில்லை. புதிதாக விடுதலை பெற்ற சிறிய நாடுகளுக்கோ, பெரியவர்கள் கூட்டும் எந்தக் கூட்டமும் பழைய ஆதிக்கத்தின் மறுவடிவமாகவே பட்டது.

அந்த நெடிய இடைவெளியில் பேச்சை அறுந்துபோகாமல் காத்தவர்கள் வணிகர்களும் பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும். அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் இல்லாததே அவர்களுடைய முதல் தகுதியாகவும் இருந்தது. அவர்கள் பேசித் தோற்றால் எந்த அரசுக்கும் தலைகுனிவு இல்லை. வென்றால் அந்த வெற்றியைத் தன்னுடையதாக்கிக்கொள்ள எந்த அரசும் தயங்கப்போவதில்லை. பசிபிக் வட்டாரத்தின் நூறாண்டுக் கதையில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. அது பலித்த இடங்களும் உண்டு, பரிதாபமாகச் சரிந்த இடங்களும் உண்டு.

முதல் பெரிய முயற்சி ஜப்பானியத் தொழிலதிபர் எய்ச்சி ஷிபுசாவாவுடையது. ஜப்பானின் முதல் நவீன வங்கியை நடத்தியவர். சுமார் 500 நிறுவனங்களின் பிறப்பில் கைகொடுத்தவர். 2024 முதல் ஜப்பானின் 10,000 யென் தாளில் முகம் பதிந்திருப்பவர். 1906-ல் சான்பிரான்சிஸ்கோ நகரம் ஜப்பானியக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப முயன்றதிலிருந்து இரு நாட்டு உறவு கசக்கத் தொடங்கியது. தூதர்கள் எழுதிய கடிதங்களால் கலிபோர்னியாவின் தெருவில் கோபம் தணியவில்லை. ஜப்பானிய வணிகச் சங்கங்கள் 1908-ல் அமெரிக்க மேற்குக் கரையின் வணிகர்களை அழைத்து உபசரித்தன. மறு ஆண்டு அமெரிக்கர்கள் அழைக்க, சுமார் 50 பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்று, தம் 69-ஆம் வயதில் ஷிபுசாவா அமெரிக்கா போனார். மூன்று மாதம் ரயிலில் சுற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஆலைகளையும் பள்ளிகளையும் பார்த்தார்கள். அதிபர் டாஃப்ட்டையும் சந்தித்தார்கள்.

நல்லெண்ணம் பெருகியது உண்மை. ஆனால் 1913-ல் கலிபோர்னியா, ஜப்பானியர் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. 1924-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்கு வாசலையே அடைத்தது. அதன் பிறகும் அந்த முதியவர் ஓயவில்லை. 1927-ல் அமெரிக்கத் தேவாலயங்களும் பள்ளிகளும் ஜப்பானியக் குழந்தைகளுக்கு 12,000-க்கும் அதிகமான பொம்மைகளை அனுப்பியபோது, அவற்றை வரவேற்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஜப்பானியக் குழந்தைகள் சேர்த்த காசில், கிமோனோ உடுத்திய 58 பெரிய பொம்மைகள் பதிலுக்குப் போயின. அரசுகள் தர மறுத்த மரியாதையைப் பொம்மைகளைக் கொண்டு ஈடுகட்டப் பார்த்தது அந்த முயற்சி. 1931 செப்டம்பரில் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவில் புகுந்தது. நவம்பரில் ஷிபுசாவா இறந்தார். போர்க்காலத்தில், வந்த பொம்மைகளில் பெரும்பாலானவற்றை எதிரிநாட்டுப் பொருள் என்று ஜப்பானியப் பள்ளிகளே அழித்தன. ஆசிரியர்கள் சிலர் ஒளித்துவைத்ததால் சில நூறு பிழைத்தன. வணிகர்களின் நட்பு எவ்வளவு ஆழமானாலும், சட்டமன்றத்தில் கை உயர்த்துகிறவர்களும் துப்பாக்கி ஏந்துகிறவர்களும் வேறு ஆட்கள் என்பதை ஷிபுசாவாவின் அனுபவம் காட்டிவிட்டது.

இரண்டாவது முயற்சி இன்னும் ஒழுங்காக அமைந்தது. ஹவாயில் ஒய்.எம்.சி.ஏ. அன்பர்களும், ஃபிராங்க் ஆதர்டன் போன்ற சர்க்கரை வணிகத்தின் பெரும்புள்ளிகளும் முன்னின்று 1925-ல் ஹொனலுலுவில் ஒரு மாநாடு கூட்டினார்கள். அதிலிருந்து பிறந்தது பசிபிக் உறவுகள் கழகம். ஒவ்வொரு நாட்டிலும் அரசு சாராத ஒரு தேசியக் குழு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது மாநாடு. வட்டமேசையில் தீர்மானம் ஏதும் போடாமல் மனம்விட்டுப் பேச்சு. ராக்ஃபெல்லர், கார்னெகி அறக்கட்டளைகளின் பணம் ஆராய்ச்சிக்கு உதவியது. 1929-ல் கியோட்டோவில் கூடியபோது மஞ்சூரியாவைப் பற்றி ஜப்பானியரும் சீனரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். ஜப்பான் தரப்பில் காரசாரமாகப் பேசியவர்களில் ஒருவர் யோசுகே மட்சுவோகா. நான்கே ஆண்டுகளில் பன்னாட்டுச் சங்கத்திலிருந்து ஜப்பானை வெளியே நடத்திக்கொண்டு போனவரும் அவர்தான். மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டால் மனம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கழகத்தை வீழ்த்தியது போர் அல்ல, அமெரிக்க உள்நாட்டு அரசியல். சீனாவில் 1949-ல் கம்யூனிஸ்டுகள் வென்றதும், சீனாவை இழந்தது யாரால் என்ற கேள்வி வாஷிங்டனில் எழுந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய மெக்கார்த்தி காலத்து வேட்டையில், கழகத்தின் ஏட்டை முன்பு நடத்திய ஓவன் லாட்டிமோர் முதல் பலரும் குற்றவாளிகள்போல் விசாரிக்கப்பட்டார்கள். செனட்டின் மெக்காரன் குழு 1951-52-ல் மாதக்கணக்கில் விசாரணை நடத்தியது. கழகத்தின் வரிவிலக்கு பறிக்கப்பட்டது. அதை நீதிமன்றம் போய் மீட்பதற்குள் நன்கொடையாளர்கள் விலகிவிட்டார்கள். 1960-ல் அமைப்பு கலைந்தது. அதன் ஏடான ‘பசிபிக் அஃபேர்ஸ்’ மட்டும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் குடிபெயர்ந்து இன்றும் வெளிவருகிறது. அரசுக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சுதந்திரம் உண்டு, பாதுகாப்பு கிடையாது. காற்று திசைமாறினால் அவர்களைக் கைவிடுவது எளிது.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் வேறொரு வகை முயற்சி நடந்தது. நோக்கம் நல்லெண்ணம் அல்ல, சரக்கு. அமெரிக்காவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு டோக்கியோ அரசு தைப்பேயை அங்கீகரித்திருந்தது. ஆனால் ஜப்பானிய எஃகு ஆலைகளுக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும் சீனப் பெருநிலம் தேவைப்பட்டது. பின்னாளில் வணிக அமைச்சராகவும் இருந்த தொழிலதிபர் தட்சுனோசுகே தகாசாக்கி, 1955 பாண்டுங் மாநாட்டில் ஜப்பானியக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனபோது சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். அந்த அறிமுகம் ஏழு ஆண்டுகளுக்குப் பின் பலன் தந்தது. 1962 நவம்பரில் சீனத் தரப்பில் லியாவ் செங்ஜியும் ஜப்பான் தரப்பில் தகாசாக்கியும் பெய்ஜிங்கில் ஐந்தாண்டு வணிகக் குறிப்பாணையில் கையெழுத்திட்டார்கள். ஜப்பான் எஃகும் உரமும் வேளாண் கருவிகளும் தரும். சீனா நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சோயாவும் மக்காச்சோளமும் உப்பும் தரும். இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து எல்-டி வணிகம் என்றார்கள்.

காகிதத்தில் இது தனிநபர்களின் ஏற்பாடு. நடைமுறையில் இரு அரசுகளும் பின்னால் நின்றன. 1964-ல் பெய்ஜிங்கில் தகாசாக்கி அலுவலகமும் டோக்கியோவில் லியாவ் அலுவலகமும் திறக்கப்பட்டன. தூதரகம் இல்லாத இடத்தில் அவையே தூதரகத்தின் வேலையில் பாதியைச் செய்தன. செய்தியாளர்களைப் பரஸ்பரம் அனுப்பும் உடன்பாடும் இந்த வழியாகவே வந்தது. ஆனால் இந்தப் பாதையில் எத்தனை கண்ணிகள் இருந்தன என்பதற்கு ஒரு வினைலான் ஆலை சாட்சி. குராஷிகி ரேயான் நிறுவனம் செயற்கை இழை ஆலை ஒன்றைச் சீனாவுக்குத் தவணை முறையில் விற்க முன்வந்தது. தவணைக்கு ஜப்பானிய அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி கடன் தர வேண்டும். 1963 ஆகஸ்டில் பிரதமர் இகேதாவின் அமைச்சரவை சம்மதித்தது. தைப்பே கொதித்தெழுந்தது. சமாதானம் செய்ய முன்னாள் பிரதமர் யோஷிதா 1964-ல் தைப்பேக்குக் கடிதம் எழுதினார். அதன்படி, அதற்குப் பிறகு அரசு வங்கிக் கடனில் சீனாவுக்கு ஆலை விற்பது நின்றது. தனியார் நிறுவனங்களின் விற்பனையைத் தீர்மானித்தது, பதவியில் இல்லாத ஒரு தனிமனிதரின் கடிதம்! எது தனியார், எது அரசு என்று பிரித்துப் பார்ப்பது அங்கே வீண் வேலை.

தகாசாக்கி 1964-ல் காலமானார். பொறுப்பேற்ற கஹெய்த்தா ஒகாசாக்கியும் தோழர்களும் கலாச்சாரப் புரட்சியின் கொந்தளிப்பிலும் பெய்ஜிங் போய்வந்தார்கள். 1968 முதல் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் குறிப்பாணை வணிகமாகச் சுருங்கியது. ஒவ்வொரு முறையும் தங்கள் சொந்த அரசையே கண்டிக்கும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டால்தான் சரக்கு நகரும் என்ற நிலை. உள்ளூரில் இவர்களுக்கு வசவு விழுந்தது. 1970-ல் சூ என்லாய் விதித்த நிபந்தனைகளால், தைவானோடு ஆழமாகத் தொழில் செய்த ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. 1972 செப்டம்பரில் பிரதமர் தனாகா பெய்ஜிங் போய் உறவை முறைப்படுத்துவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒகாசாக்கியை அழைத்து விருந்து வைத்தார் சூ. தண்ணீர் குடிப்பவர் கிணறு வெட்டியவரை மறக்கக் கூடாது என்ற பொருளில் சீனர்கள் சொல்வது அந்த விருந்தோடு சேர்த்து இன்றும் நினைவுகூரப்படுகிறது. மறு ஆண்டு குறிப்பாணை வணிகத்திற்கு வேலையே இல்லாமல் போனது.

இதே காலத்தில் இன்னொரு இழை வேறு திசையில் நீண்டது. ஐரோப்பியப் பொதுச் சந்தை வலுப்பெறுவதைப் பார்த்த பொருளியலாளர் கியோஷி கோஜிமா, அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் சேர்ந்து பசிபிக் தடையில்லா வணிகப் பகுதி அமைக்கலாம் என்று 1965-ல் முன்மொழிந்தார். வெளியுறவு அமைச்சர் தகேயோ மிகி ஆர்வம் காட்டினார். அதை அலச 1968 ஜனவரியில் டோக்கியோவில் கூடிய பொருளியலாளர் மாநாடு, காலம் கனியவில்லை என்று முடிவு சொன்னது. யோசனை தோற்றது, கூட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. பசிபிக் வணிக-வளர்ச்சி மாநாடு என்ற பெயரில் அந்தப் பொருளியலாளர் வட்டம் பிறகும் தொடர்ந்து கூடி வந்திருக்கிறது. வணிகர்கள் தங்கள் பங்குக்கு 1967-லேயே பசிபிக் வட்டாரப் பொருளாதார மன்றத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதே ஐந்து நாடுகளின் நிறுவனத் தலைவர்கள்தான் உறுப்பினர்கள். ஜப்பானுக்கு ஆஸ்திரேலிய இரும்புத் தாது கப்பல் கப்பலாகப் போகத் தொடங்கிய காலம் அது. சுரங்க அதிபரும் எஃகு ஆலை அதிபரும் எப்படியும் பேசித்தான் ஆக வேண்டும். ஃபுஜி எஃகு நிறுவனத்தின் தலைவர் ஷிகெயோ நகானோ போன்றவர்கள் இதில் முன்னின்றதில் வியப்பில்லை.

பொருளியலாளர்களிடம் யோசனை இருந்தது, வணிகர்களிடம் தேவை இருந்தது. இரண்டையும் அரசுகளின் காதில் போடுவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதை அமைத்தவர்கள் இரண்டு மூத்தவர்கள். ஒருவர் ஜப்பானின் சபுரோ ஒகிதா. பொருளாதாரத் திட்ட அதிகாரியாக இருந்தவர். மற்றவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கிராஃபோர்ட். வணிகத் துறைச் செயலராக இருந்து, போர்ப் பகை ஆறாத 1957-லேயே ஜப்பானோடு வணிக உடன்பாடு ஏற்பட வழிசெய்தவர், பின்னர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 1979-ல் பிரதமர் மசாயோஷி ஒஹிரா பசிபிக் ஒத்துழைப்பை ஆராய ஒரு குழு அமைத்து ஒகிதாவைத் தலைவராக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவரையே வெளியுறவு அமைச்சராகவும் ஆக்கினார். 1980 ஜனவரியில் ஒஹிரா கான்பெரா வந்து பிரதமர் மால்கம் ஃபிரேசரோடு பேசினார். அரசுகள் நேரடியாக அழைத்தால் ஆசியான் நாடுகள் மிரளும். பல்கலைக்கழகம் அழைக்கட்டும் என்று முடிவாயிற்று. ஜூனில் ஒஹிரா தேர்தல் பிரசாரத்தின் நடுவே மாரடைப்பால் இறந்தார். ஆனாலும் செப்டம்பரில் கிராஃபோர்ட் கூட்டிய கருத்தரங்கு திட்டமிட்டபடி நடந்தது.

அங்கே வகுத்த அமைப்பு முறைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு வணிகர், ஓர் அறிஞர், ஓர் அரசு அதிகாரி. அதிகாரி தன் பதவியின் பெயரால் வரக் கூடாது, தனிமனிதராக வர வேண்டும். எல்லோருக்கும் தெரியும், அவர் திங்கட்கிழமை தன் அமைச்சகத்துக்குத் திரும்பிப் போய் அறிக்கை கொடுக்கப்போகிறவர் என்று. ஆனால் மேசையில் அவர் சொல்வது அவருடைய அரசைக் கட்டாது. அப்படியொரு சலுகை கிடைத்ததும், அமைச்சகக் கோப்பில் எழுத முடியாததை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. வணிகர் நடைமுறைச் சிக்கலைச் சொல்வார், அறிஞர் அதற்குக் கணக்குக் காட்டுவார், அதிகாரி எது நடக்கும் எது நடக்காது என்று கோடு போடுவார். 1982-ல் தாய்லாந்தின் தனத் கோமன் தலைமையில் பாங்காக்கிலும், 1983-ல் பாலியிலும், 1985-ல் சியோலிலும் கூட்டங்கள் தொடர்ந்தன. பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மன்றம் இப்படித்தான் உருவானது. வணிகம், மீன்வளம், கனிமம் என்று பணிக்குழுக்கள் பிரிந்து உட்கார்ந்தன. மாநாட்டுச் சொற்பொழிவுகளைவிட அந்தச் சலிப்பூட்டும் பணிக்குழு அறிக்கைகளே பயன்பட்டன. எந்த நாட்டில் எந்த அலுவலரிடம் பேசினால் காரியம் நகரும் என்ற அறிவு அங்கேதான் சேர்ந்தது.

மன்றத்தின் பெரிய சாதனை 1986-ல், வான்கூவர் கூட்டத்தை ஒட்டி வந்தது. பெய்ஜிங்கும் தைப்பேயும் ஒரே சமயத்தில் உறுப்பினராயின. ஒன்றையொன்று அரசாகவே ஏற்காத இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. தைவான் தரப்புக்கு ஒலிம்பிக்கில் வழக்கத்துக்கு வந்திருந்த ‘சீனத் தைப்பே’ என்ற பெயரையே இங்கும் கொண்டார்கள். அரசு அமைப்பாக இல்லாததால் இது சாத்தியமாயிற்று. உறுப்பினர் யாரும் அங்கே இறையாண்மையைக் கோரவில்லை, தேசியக் குழுக்கள் மட்டுமே உட்கார்ந்தன. 1991-ல் சீனா, தைவான், ஹாங்காங் மூன்றையும், அரசுகள் 1989-ல் ஏற்படுத்திய ஏபெக் என்ற அமைப்பில் ஒருசேரச் சேர்க்கக் கொரிய ராஜதந்திரி லீ சீ-யங் நீண்ட பேச்சு நடத்தி வெற்றிகண்டபோது, இந்த முன்மாதிரி கைகொடுத்தது. ஏபெக்கில் உறுப்பினர்களை நாடுகள் என்று சொல்லாமல் பொருளாதாரங்கள் என்றே சொல்வதும், கூட்டங்களில் கொடி வைக்காததும் இந்தச் சங்கடத்தின் தடங்கள்.

தைவான் அதிபர் ஏபெக் தலைவர்கள் மாநாட்டுக்கு வரக் கூடாது என்பது பெய்ஜிங்கின் நிபந்தனை. அதனால் அவருக்குப் பதிலாகப் போகிறவர் பெரும்பாலும் ஒரு தொழிலதிபர் அல்லது பொருளாதாரத்தை அறிந்த மூத்தவர். 1990-களின் நடுவில் தைவான் சிமென்ட் நிறுவனத்தின் கூ சென்-ஃபு போனார். 1993 ஏப்ரலில் சிங்கப்பூரில் பெய்ஜிங்கின் வாங் தாவ்ஹானைச் சந்தித்துப் பேசியவரும் இவரே. அந்தச் சந்திப்பும் அரசு சாராத இரண்டு அமைப்புகளின் பெயரில்தான் நடந்தது. பிற்காலத்தில் சிலிக்கான் சில்லு உற்பத்தியில் உலகின் முதல்வரான டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தை உருவாக்கிய மோரிஸ் சாங் பலமுறை போனார். 2022-ல் பாங்காக்கில், சீன அதிபர் ஷி ஜின்பிங்கோடு சில நிமிடம் பேசினார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு நல்லபடியாக முடிந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். தனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததைச் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறீர்கள் என்றார் ஷி. ராணுவப் பதற்றம் உச்சத்தில் இருந்த ஆண்டில், இரு தரப்புக்கும் இடையே அந்த அளவில் நடந்த பேச்சு அவ்வளவுதான். 91 வயதுத் தொழிலதிபர் ஒருவரால்தான் அதையும் செய்ய முடிந்தது.

ஏபெக் அமைப்பே 1989-ல் பிறந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் ஜனவரியில் சியோலில் யோசனையை வெளியிட்டார்; நவம்பரில் கான்பெராவில் 12 உறுப்பினர்களின் அமைச்சர்கள் கூடினார்கள். ஒன்பது ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை 21 ஆனது. பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு மன்றம் இதில் அதிகாரபூர்வப் பார்வையாளர். வளர்த்த பிள்ளையின் வீட்டில் விருந்தாளியானது போலத்தான். இரண்டு அமைப்புகளின் செயலகங்களும் சிங்கப்பூரில் ஒரே தெருவில் இருக்கின்றன. அரசுகள் நேரடியாகப் பேசத் தொடங்கியதும் மன்றத்தின் ஒளி மங்கியது; அது இப்போது ஆண்டறிக்கைகளும் கருத்துக்கணிப்புகளும் தரும் ஆய்வுக் களம்.

வணிகர்களோ தங்களுக்கென்று தனி நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1995-ல் ஒசாகாவில் தலைவர்கள் ஏபெக் வணிக ஆலோசனை மன்றத்தை அமைத்தார்கள். ஒவ்வோர் உறுப்பினரின் தலைவரும் மூன்று பேர் வரை நியமிக்கலாம். ஆண்டுக்கு நான்கு முறை கூடுவார்கள். ஆண்டு இறுதியில் தலைவர்களை நேரில் சந்தித்துத் தங்கள் பரிந்துரைகளை வைப்பார்கள். பன்னாட்டு அமைப்புகளில் வணிகர்கள் தாழ்வாரத்தில் காத்திருப்பதே வழக்கம். இங்கே கூடத்துக்குள் இடம் கிடைத்தது. பசிபிக் முழுவதற்கும் ஒரு தடையில்லா வணிகப் பகுதி வேண்டும் என்று 2004-ல் இவர்கள் கேட்டது, கோஜிமா 1965-ல் கேட்டதன் விரிந்த வடிவம். அது இன்னும் வரவில்லை.

வந்தவற்றுள் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியது ஒரு பயண அட்டை. ஒவ்வொரு நாட்டுக்கும் விசாவுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தால் ஒப்பந்தம் கைநழுவிப் போகிறது என்பது வணிகர்களின் பழைய புலம்பல். 1997-ல் ஆஸ்திரேலியா, கொரியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் சேர்ந்து ஏபெக் வணிகப் பயண அட்டையைத் தொடங்கின. விண்ணப்பதாரர் தன் சொந்த அரசிடம் ஒரே ஒரு மனுப் போடுகிறார். அந்த அரசு மற்றவர்களுக்கு விவரத்தை அனுப்ப, ஒவ்வொருவரும் பார்த்து முன் அனுமதி தருகிறார்கள். அனுமதித்த இடங்களின் பெயர் அட்டையில் இடம்பெறுகிறது. விமான நிலையத்தில் தனி வரிசை; தனி விசா தேவையில்லை. இன்று 19 உறுப்பினர்கள் முழுமையாக இதில் உள்ளார்கள். அமெரிக்காவும் கனடாவும் வரிசையில் மட்டும் முன்னுரிமை தருகின்றன, விசா விலக்கு தருவதில்லை. ஏபெக்கில் புது உறுப்பினர் சேர்க்கை 1990-களின் இறுதியோடு நின்றுவிட்டது. 1991-லிருந்தே கதவைத் தட்டிய இந்தியா வெளியே நிற்கிறது. ஆகவே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தமிழ் வணிகர் ஒருவர் இந்த அட்டையோடு ஜகார்த்தாவில் இறங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அவருடைய சென்னைக் கூட்டாளிக்கு அந்த வழியில்லை.

பெரிய விஷயங்களில் வணிகர் வாக்கு எப்போது எடுபடும், எப்போது எடுபடாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். கணினி, சில்லு, தொலைத்தொடர்புக் கருவிகள் மீதான சுங்க வரியை நீக்கும்படி அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியத் தொழில் சங்கங்கள் கூட்டாகக் கேட்டன. 1996 நவம்பரில் பிலிப்பைன்ஸின் சூபிக்கில் கூடிய ஏபெக் தலைவர்கள் ஆதரவு தர, அடுத்த மாதமே சிங்கப்பூரில் உலக வணிக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு பிறந்தது. உலகெங்கும் துண்டு துண்டாகப் பாகங்கள் செய்து ஓரிடத்தில் பூட்டும் தொழிலுக்கு வரி என்பது ஒவ்வொரு எல்லையிலும் விழும் அடி. எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் ஒரே வலி இருந்ததால் ஒரே குரல் எழுந்தது. மறு ஆண்டு வான்கூவரில் மீன், காடுபடு பொருள், நகை, பொம்மை உள்ளிட்ட ஒன்பது துறைகளில் முன்கூட்டியே வரி குறைக்கத் திட்டமிட்டார்கள். 1998-ல் கோலாலம்பூரில் ஜப்பான் மீனுக்கும் மரத்துக்கும் மறுத்துவிட்டது. மீனவர்களும் காட்டு உரிமையாளர்களும் ஆளும் கட்சியின் வாக்கு வங்கி. அந்தத் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது. டோக்கியோவின் கார் ஏற்றுமதியாளரும் வடக்கே ஹொக்கைடோவின் மீனவரும் ஒரே நாட்டவர்தான். வட்டார ஒத்துழைப்பில் இருவர் நலனும் ஒன்றல்ல.

வணிகர்களுக்குக் கூடத்தில் நாற்காலி கிடைத்தது. தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆசிய-பசிபிக் தொழிற்சங்கங்கள் 1995-ல் தங்கள் கூட்டமைப்பை உருவாக்கி, வணிக மன்றத்துக்கு இணையான தொழிலாளர் மன்றம் கேட்டன. ஏபெக் இசையவில்லை. தொழிலாளர் தரம் பேசினால் தங்கள் மலிவு உழைப்பு என்ற சாதகம் போய்விடும் என்று வளரும் நாடுகளின் அரசுகள் அஞ்சியதும் இதற்கு ஒரு காரணம். வணிகர்கள் மட்டும் தடுத்ததாகச் சொல்வது நியாயமாகாது. 1997 நவம்பரில் வான்கூவர் மாநாடு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தபோது, இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவை வரவேற்பதை எதிர்த்து நின்ற மாணவர்கள்மீது போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. அதுபற்றிய விசாரணை 2001 வரை நீண்டு, போலீஸைக் குறைகூறி முடிந்தது. பசிபிக் உறவுகள் கழகத்தின் ஏட்டுக்கு 1961-ல் அடைக்கலம் தந்த அதே பல்கலைக்கழகம்.

வணிகர்கள் எப்போதும் எல்லைகளைத் திறக்கவே விரும்புவார்கள் என்பதும் அரை உண்மைதான். இந்தியாவின் அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. மென்பொருள் தொழிலுக்கு மலிவான கணினிகள் கிடைத்தன. ஆனால் உள்நாட்டு மின்னணுக் கருவித் தொழில் வளரும் முன்பே இறக்குமதியில் அமுங்கியது. அந்த அனுபவத்தைக் காட்டியே உடன்பாட்டின் இரண்டாம் கட்டத்தில் சேர இந்தியா மறுத்தது. சீனா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியான் பத்து நாடுகள் ஆகியவற்றோடு வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்துக்கு இந்தியா 2012-லிருந்து பேசி வந்தது. எதிர்த்து எழுந்தவர்களில் முன்னணியில் நின்றவை பால் கூட்டுறவுகள். நியூசிலாந்தின் பால் பவுடர் வரியின்றி வந்தால், இரண்டு மூன்று மாடு வைத்துப் பிழைக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குக் கொள்முதல் விலை விழும் என்று அவை கணக்குக் காட்டின. சீன எஃகைக் கண்டு அஞ்சிய ஆலைகளும், விவசாய சங்கங்களும், தொழிற்சங்கங்களும் அதே பக்கம் நின்றன. ஆசியச் சந்தைகளை விட்டுவிடக் கூடாது என்று வாதிட்ட தொழிலதிபர்களின் குரல் எடுபடவில்லை. 2019 நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் பிரதமர் மோடி இந்தியா சேரப்போவதில்லை என்று அறிவித்தார். மற்ற 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. ஒப்பந்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா விரும்பினால் பின்னர் சேரலாம் என்ற ஏற்பாட்டோடு அதற்கான வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.